ராத்திரி குளிர வேண்டும்: எரிமலையடி மரஊமத்தை வளர்க்கும் முறை

செடி தேடிப் போவதற்கு முன்னால் ஒரு வெப்பமானி வாங்குங்கள். குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பத்தைப் பதிந்து வைக்கிற சாதாரண வகை போதும். தொட்டி எங்கே வரப்போகிறதோ அந்த இடத்திலேயே, வெயில் நேரடியாகப் படாமல், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் தொங்கவிட்டு, வருடத்தின் மிகச் சூடான மாதத்தில் இரண்டு வாரம் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைப் பார்த்து எழுதி வையுங்கள். விடியற்காலை எண் 14, 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மேலே படியுங்கள். 18, 20-லேயே நின்றுவிட்டால் கஷ்டம்தான், ஆனால் வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். 24-க்குக் கீழே இறங்கவே இல்லையென்றால் இந்தச் செடி உங்களுக்கானது இல்லை, சூடு தாங்கும் அதன் பங்காளிகளில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எந்தச் செடி? புருக்மான்சியா வல்கனிகோலா. கத்தரி, தக்காளி, மிளகாய், சுண்டைக்காய், மணத்தக்காளி எல்லாம் இருக்கிற அதே குடும்பம். நமக்குத் தெரிந்த ஊமத்தையின் நெருங்கிய உறவு. ஊமத்தையின் பூ மேல்நோக்கி நிற்கும், காயில் முள் இருக்கும், முற்றினால் வெடிக்கும், செடி சின்னது. இதுவோ கட்டைபோட்டு வளரும் புதர், பூ தலைகீழாகத் தொங்கும், காயில் முள் கிடையாது, முற்றினாலும் வெடிக்காது. அதனால் நான் இதை மரஊமத்தை என்றே சொல்வேன். கொலம்பியாவின் கௌகா பகுதியில் 4,600 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிற, இன்னும் புகைந்துகொண்டிருக்கிற புராசே எரிமலையின் சரிவுகளோடு சேர்த்துப் பேசப்படும் செடி இது. பெயரின் பொருளே எரிமலையில் குடியிருப்பது என்பதுதான். 1959-இல் தாவரவியலாளர் ஆர்தர் பார்க்லே இதை டாடுரா வல்கனிகோலா என்று ஊமத்தைக் கூட்டத்தில் சேர்த்து விவரித்தார், 1977-இல் ரிச்சர்ட் எவன்ஸ் ஷுல்டெஸ் புருக்மான்சியா என்ற தனிக் கூட்டத்துக்கு மாற்றினார். பூக்கள் இந்தக் கூட்டத்திலேயே சின்னவை, ஒடுங்கிய குழல் மாதிரி, பெரும்பாலும் சிவப்பும் மஞ்சளும் கலந்தவை. காய் கட்டைபோல இறுகி, மேடும் பள்ளமுமாக இருக்கும்.

இந்தச் செடி "காட்டுச் செடி" என்று சொல்லும்போதே ஒரு சங்கடம் இருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் புருக்மான்சியாவின் ஏழு இனங்களும் காட்டில் அழிந்தவை என்றே இருக்கின்றன. மலையில் போனால் வேலியோரம், பழைய வீட்டுப் பக்கம், ஓடைக்கரை என்று கண்ணில் படும், ஆனால் விதை விழுந்து தானாகப் பெருகும் கூட்டமாக இல்லை. காய் வெடிப்பதில்லை, அதைத் தின்று விதையைப் பரப்பும் விலங்கு என்று இன்று எதையும் காட்ட முடியவில்லை. அந்த வேலையைச் செய்த பெரிய விலங்கு எதுவோ எப்போதோ அழிந்துபோயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஆக, பல காலமாக இதைக் காப்பாற்றி வருவது கிளையை வெட்டிக் குத்திவைக்கும் மனிதக் கைதான். நீங்கள் வளர்ப்பது அலங்காரத்துக்கு மட்டும் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஏழில் இரண்டு அணி உண்டு. ஆர்போரியா, சாங்குவினியா, வல்கனிகோலா மூன்றும் குளிர் அணி. சுவாவியோலென்ஸ், வெர்சிகலர், இன்சிக்னிஸ், ஆரியா நான்கும் சூட்டு அணி. அணிக்குள்ளே கலப்பு நடக்கும், அணி தாண்டி நடக்காது. கடைகளில் பெரிய வெள்ளை, மஞ்சள், ரோஸ் பூக்களோடு கிடைப்பவை அநேகமாகச் சூட்டு அணியின் கலப்புகள், அவற்றில் ராத்திரியானால் வாசனை தூக்கும். குளிர் அணியில் சாங்குவினியாவுக்கும் வல்கனிகோலாவுக்கும் வாசனையே கிடையாது. நான் முதன்முதலில் வல்கனிகோலா என்று நம்பி இணையத்தில் பத்து விதை வாங்கி, ஏழு முளைத்து, அதில் இரண்டைத் தேற்றி, இரண்டு வருடம் பொத்திப் பொத்தி வளர்த்தேன். ஒரு நாள் சாயங்காலம் கதவைத் திறந்தால் ஊரைக் கூட்டுகிற வாசனை. வெள்ளைப் பூ, தொட்டால் உள்ளங்கையை மூடுகிற அகலம். விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை. அப்போதிருந்து பூவின் படம், காயின் படம், தாய்ச்செடி யாரிடமிருந்து வந்தது என்ற விவரம் மூன்றும் இல்லாமல் நான் எதையும் வாங்குவதில்லை.

முதல் செடியாக வல்கனிகோலாவையே பிடித்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. சாங்குவினியாவை ஒரு வருடம் வளர்த்துப் பாருங்கள். 1799-இல் ஸ்பெயின் தாவரவியலாளர்கள் ரூயிஸும் பாவோனும் விவரித்த பழைய இனம், கொலம்பியாவிலிருந்து வட சிலி வரை ஆண்டிஸ் மலையில் இருப்பது, வல்கனிகோலாவைவிடக் கிடைப்பது எளிது. குணமும் கிட்டத்தட்ட அதேதான். அது உங்களிடம் பூத்தால் இதுவும் பூக்கும். இன்னொன்று, ஆண்டிஸ் பக்கம் பயணம் போய் தேசியப் பூங்காவில் ஒரு குச்சியை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு வரலாம் என்ற யோசனையே வேண்டாம். பூங்காவில் அனுமதியில்லாமல் ஒடிப்பது குற்றம், எல்லை தாண்டும்போது தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் வருகிற குச்சி வைரஸையும் கூட்டிக்கொண்டுதான் வரும். ஏற்கனவே தோட்டங்களில் இருக்கும் செடிகளிலிருந்து வாங்குங்கள்.

விதையா போத்தா

விதை கிடைத்தால் ஒரு நாள் சாதாரணத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். சல்லடையில் சலித்த தேங்காய் நார்க்கழிவும் பெர்லைட் என்கிற லேசான வெள்ளைக் கல்பொரியும் பாதிப்பாதி, அதில் விதையின் பருமன் அளவு ஆழத்தில் வைத்து, 18-இலிருந்து 20 டிகிரியில் நிழலான வெளிச்சத்தில் விடுங்கள். முளைப்பது ஒழுங்காக நடக்காது. இரண்டு வாரத்தில் ஒன்று வரும், ஐந்தாவது வாரத்தில் இன்னொன்று வரும், தட்டைக் கொட்டிவிட நினைக்கும்போது மூன்றாவது வரும். அவசரப்படாதீர்கள். மேலே கண்ணாடியோ பாலித்தீனோ மூடினால் தினமும் ஒரு முறை திறந்து காற்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் நாற்று கழுத்தில் கறுத்துச் சாயும். விதையிலிருந்து பூ வர இரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம்.

போத்து, அதாவது வெட்டிய குச்சி, நட்டால் சீக்கிரம் பூ பார்க்கலாம், ஆனால் குளிர் அணி போத்து அழுகுவதில் கெட்டிக்காரன். சூட்டு அணிக் குச்சியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு மறந்துவிட்டாலே வேர் விடும். இதில் அந்த வேலையெல்லாம் நடக்காது. பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமனான, பச்சை மாறி லேசாகப் பழுப்பேறத் தொடங்கிய கிளையைக் குளிரான பருவத்தில் வெட்டுங்கள். ஒரு சாண் நீளம், இரண்டு மூன்று கணு. கீழ் வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். நுனியில் இரண்டு இலை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கிவிடுங்கள். வெட்டிய வாயை நிழலில் சில மணி நேரம் உலரவிட்டு, பெர்லைட் அதிகம் கலந்த ஊடகத்தில் குத்துங்கள். ஊடகத்தை விரல்களால் பிழிந்தால் ஒரு சொட்டுக்கூட விழக்கூடாது, ஆனால் விரல் குளிர வேண்டும். அவ்வளவுதான் ஈரம். மூன்று வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பார்க்கும் ஆசை வரும், எனக்கும் வரும், இழுக்காதீர்கள். புதிதாக ஒரு இலை விரிந்து, விரிந்த பிறகும் வாடாமல் நின்றால் வேர் வந்துவிட்டது.

எங்கே வெட்டுவது என்பதிலும் ஒரு நுணுக்கம். செடி முதலில் ஒற்றைத் தண்டாகப் போகும், ஓர் உயரத்தில் கவட்டையாகப் பிரியும். பூ வருவது கவட்டைக்கு மேலேதான். கவட்டைக்கு மேலே வெட்டிய குச்சி குட்டையாகவே இருந்து சீக்கிரம் பூக்கும், கீழே வெட்டியது முதலில் உயரம் போய், தனக்கென்று ஒரு கவட்டை போட்டு, அப்புறம்தான் பூக்கும். தொட்டிக்கு மேல் குச்சி, நிலத்துக்குக் கீழ்க் குச்சி என்று நான் வைத்திருக்கிறேன்.

மண்ணும் தண்ணீரும்

எரிமலைச் சாம்பல் மண் எப்படி இருக்கும் தெரியுமா? கறுப்பு, கையில் எடுத்தால் கனமே இருக்காது, பஞ்சு மாதிரி, மழை எவ்வளவு பெய்தாலும் குடித்துவிட்டு மிச்சத்தை இறக்கிவிடும், கொஞ்சம் அமிலம். அதை நாம் போலி செய்ய வேண்டும். நான் போடுவது நன்றாக மட்கிய இலை உரம் இரண்டு பங்கு, பியூமிஸ் என்கிற துளைத்துளையான எரிமலைக் கல் இரண்டு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. பியூமிஸ் இல்லையென்றால் பெர்லைட், அதுவும் இல்லையென்றால் பொடித்துச் சலித்த செங்கல் ஜல்லி. தோட்டத்துக் களிமண்ணை ஒரு கைப்பிடிகூடச் சேர்க்காதீர்கள். தொட்டி மண்தொட்டியாக இருப்பது நல்லது, சுவர் வழியாக ஈரம் ஆவியாகி வேரைக் குளிர வைக்கும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் அடுப்பு. அது மட்டும்தான் இருக்கிறதென்றால் அதை இன்னொரு பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் மணல் போட்டு மணலை நனைத்துவையுங்கள்.

அதிகம் பேர் செடியைக் கொல்வது மத்தியானம் ஒரு மணிக்கு. இலையெல்லாம் துணி மாதிரி தொங்கும், பார்க்கவே பாவமாக இருக்கும், உடனே ஒரு குடம் தண்ணீரை ஊற்றுவார்கள். உண்மையில் மண்ணில் தண்ணீர் இருக்கிறது, இலை வழியாகப் போகிற வேகத்துக்கு வேரால் ஏற்ற முடியவில்லை, அவ்வளவுதான். சூடான மண்ணில் மேலும் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுமுட்டி அழுகும், அழுகிய வேர் இன்னும் குறைவாக ஏற்றும், இலை இன்னும் தொங்கும், இன்னொரு குடம். செய்ய வேண்டியது வேறு. விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீரைத் தொடாமல் தொட்டியை நிழலுக்கு நகர்த்துங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாக நிமிர்ந்தால் பிரச்சினை சூடு. விடியற்காலையிலும் தொங்கிக்கொண்டே இருந்தால் ஒன்று மண் காய்ந்திருக்கிறது, இல்லை வேர் போய்விட்டது. தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் எது என்று கனமே சொல்லிவிடும். தண்ணீர் விடுவது காலையில், அடித்துளை வழியே ஓடும்வரை, அப்புறம் மேல் ஓர் அங்குலம் காயும்வரை கிட்டப் போகாதீர்கள்.

இனி ராத்திரி. இந்தச் செடி உறைபனியைக் கேட்கவில்லை, உண்மையில் உறைபனி பட்டால் நுனியெல்லாம் கருகும், தரைக்கு மேல் இருப்பது முழுக்கப் போனாலும் அடிக்கட்டை பிழைத்தால் திரும்பத் துளிர்க்கும். அது கேட்பது குளிர்ந்த இரவு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிற உயர்ந்த மலையில் மாதத்துக்கு மாதம் பெரிய வித்தியாசம் கிடையாது, வருடம் முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும், மாறுவதெல்லாம் ஒரே நாளுக்குள்தான். பகலில் மாசி, ராத்திரியில் மார்கழி, தினமும். பகலில் 15-இலிருந்து 22, இரவில் 8-இலிருந்து 14, இதற்குள் இருந்தால் செடி சிரிக்கும். பகல் ஒரு நாள் 27 போனாலும் இரவு இறங்கினால் சமாளிக்கும். இரவு இறங்காவிட்டால் பகல் எவ்வளவு இதமாக இருந்தாலும் மொட்டு விரல் நீளம் வந்து மஞ்சளாகி உதிரும். செடி பச்சையாக, கொழுகொழுவென்று இருக்கும், பூ மட்டும் இருக்காது.

இரவு 18, 20-இல் நிற்கிற இடத்துக்காரர்கள் கோடையில் பூ வரும் என்ற எதிர்பார்ப்பை முதலில் விட வேண்டும். கோடை இதற்கு ஓய்வுக்காலம். காலை வெயில் மட்டும் படும் கிழக்குச் சுவர், பகல் பத்து மணிக்கு மேல் முழு நிழல், தரையோடு ஒட்டி வையுங்கள். மொட்டை மாடி வேண்டவே வேண்டாம், பகலில் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் நள்ளிரவு வரை கக்கிக்கொண்டிருக்கும். பொழுது சாய்ந்ததும் சுற்றியுள்ள தரையையும் தொட்டியின் வெளிப்புறத்தையும் நனைத்துவிட்டு, காற்று ஓடவிடுங்கள். காற்றில் ஏற்கனவே ஈரம் அதிகம் உள்ள இடத்தில் இது பெரிதாக உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளிர்காலம் தொடங்கியதும்தான் உரம், அப்போதுதான் பூ. மூடுபனிக்குப் பேர்போன சான் பிரான்சிஸ்கோவில் இந்தக் குளிர் அணி நன்றாக வளர்வதற்குக் காரணம், அங்கே கோடையிலும் ராத்திரியில் ஸ்வெட்டர் வேண்டும்.

உரம் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. இது பெருந்தீனிக்காரன். வளர்கிற பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீர்த்த உரம், முதலில் தழைச்சத்து, கவட்டை போட்ட பிறகு சாம்பல்சத்து கூடுதலாக. சூட்டில் வாடி நிற்கும்போது மட்டும் எதுவும் போடாதீர்கள்.

பூச்சிகளில் சிவப்புச் சிலந்தி, வெள்ளை ஈ, அசுவினி மூன்றும் வரும். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும், மிச்சத்துக்கு வேப்பெண்ணெய்க் கரைசலைச் சாயங்காலத்தில் தெளிக்கலாம். உண்மையான பயம் வைரஸ்தான். புகையிலைத் தேமல் வைரஸ் கைகளாலும் கத்தியாலும் பரவும், கொலம்பியன் டாடுரா வைரஸ் அசுவினியால் பரவும். இலையில் பச்சையும் வெளிர்மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாகத் தேமல் விழுந்து இலை கோணினால் மருந்து கிடையாது, தனியே ஒதுக்குங்கள். பீடி, சிகரெட், வெற்றிலைப் புகையிலை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் செடியைத் தொடக்கூடாது. ஒரு செடியை வெட்டிய கத்தியை அடுத்ததில் வைப்பதற்கு முன் ஸ்பிரிட்டில் துடைத்து நெருப்பில் காட்டுங்கள்.

விஷம், விளையாட்டில்லை

இலை, பூ, விதை, வேர், பூவுக்குள் இருக்கும் தேன், எல்லாமே விஷம். ஸ்கோபோலமைன், ஹயோசியமைன், அட்ரோபின் என்ற ஆல்கலாய்டுகள். வாய் வறண்டு, கண்ணின் பாவை விரிந்து, இதயம் படபடத்து, உடல் கொதித்து, புத்தி தடுமாறி, ஆள் யாரென்று தெரியாமல் பேசும் நிலைக்குக் கொண்டுபோகும், உயிரும் போகும். ஒரு தடவை கவாத்து செய்துவிட்டுக் கையுறையைக் கழற்றி, மணிக்கட்டால் இடது கண் ஓரத்தைச் சொறிந்தேன். அரை மணி நேரத்தில் எழுத்தெல்லாம் கலங்கியது. கண்ணாடியில் பார்த்தால் வலது கண் பாவை மிளகளவு, இடது கண் பாவை சுண்டைக்காய் அளவு, வெளிச்சம் காட்டினாலும் சுருங்கவில்லை. டாக்டரிடம் போய் செடியின் பெயரைச் சொன்ன பிறகுதான் அவர் முகத்தில் கவலை குறைந்தது. சரியாக இரண்டு நாள் ஆனது. அதனால் கையுறை, முழுக்கை சட்டை, வேலை முடிந்ததும் முழங்கை வரை கழுவுதல். வெட்டிய கழிவை எரிக்காதீர்கள், ஆடு மாடு மேய்கிற இடத்தில் போடாதீர்கள். வீட்டில் தவழும் குழந்தையோ எதையும் கடித்துப் பார்க்கும் நாயோ இருந்தால், அவர்கள் வளரும்வரை இந்தச் செடி வேண்டாம். யாராவது தின்றுவிட்டது தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஒரு கிளையையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். "போதைக்கு" என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் குச்சி கொடுப்பதில்லை.

கவாத்து பற்றி இந்த இடத்திலேயே ஒரு வரி: கவட்டைக்குக் கீழே வெட்டினால் செடி பழையபடி ஒற்றைத் தண்டிலிருந்து தொடங்கும், ஒரு பருவத்துப் பூ போச்சு. கவட்டைக்கு மேல் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள்.

காய் பிடிக்க வைத்தல்

வாசனையில்லாத சிவப்புக் குழல் பூ யாருக்காக என்று யோசித்திருப்பீர்கள். ஹம்மிங் பறவைக்கு. சாங்குவினியாவின் நீண்ட குழலுக்குள் எட்டுவதற்கென்றே அளவெடுத்த மாதிரி ஆண்டிஸில் வாளலகு ஹம்மிங் பறவை இருக்கிறது. வாலை விட்டுவிட்டு அளந்தால் உடலைவிட அலகு நீளமான ஒரே பறவை. அந்த அலகால் தன் இறகைக் கோத முடியாமல் காலால் சொறிந்துகொள்ளும். தொங்கும் பூவுக்குக் கீழே அந்தரத்தில் நின்று, அலகை மேலே நிமிர்த்தி நுழைக்கும், அப்போது நெற்றியில் மகரந்தம் ஒட்டும்.

உங்களிடம் அந்தப் பறவை இல்லை, ஒரு மெல்லிய தூரிகை இருக்கிறது. நாளை விரியும் என்று தோன்றும் மொட்டை இன்று பக்கவாட்டில் கீறி, மகரந்தப் பைகள் வெடிப்பதற்கு முன் அவற்றைக் கிள்ளி எடுத்துவிட்டு, நடுவில் நிற்கும் சூல்முடியை மட்டும் விட்டுவையுங்கள். மறுநாள் காலை வேறொரு செடியின் மகரந்தத்தைத் தூரிகையில் எடுத்துச் சூல்முடியில் தடவி, காம்பில் ஒரு வண்ண நூலைக் கட்டி, தேதியையும் தகப்பன் செடியின் பெயரையும் எழுதித் தொங்கவிடுங்கள். பிடித்திருந்தால் சில நாளில் பூக்குழல் கழன்று விழும், அடியில் காய் நிற்கும். முற்றப் பல மாதம் ஆகும், வெடிக்காது என்பதால் நிறம் மாறிக் காம்பு காயும்போது நீங்களே பறித்து உடைக்க வேண்டும். வல்கனிகோலா காயை உடைக்கச் சுத்தியல் எடுத்தாலும் ஆச்சரியமில்லை.

இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. வேறு செடி என்றால் நிஜமாகவே வேறு செடி, ஒரே தாயின் இரண்டு குச்சிகள் இரண்டு தொட்டியில் நின்றாலும் கணக்கில் ஒன்றுதான். அதனால் யாருக்காவது குச்சி கொடுக்கும்போது எந்தச் செடியிலிருந்து, எப்போது, அது உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு பட்டையில் பென்சிலால் எழுதிக் கட்டிக் கொடுங்கள். பேனா மை மழையில் போய்விடும்.